மூலிகையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரிப்பதும் சோதிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடியை உலர்த்தி, பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்தால் ஒரு சாறு கிடைத்துவிடும். அது எளிய வேலை. அந்தச் சாற்றில் என்ன இருக்கிறது, அது உடலில் எதைச் செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் செய்கிறது என்று சொல்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்காகக் கேட்பவர்கள், மூலிகைப் பொருள் தயாரிக்க நினைப்பவர்கள், "இந்த இலை புற்றுநோயைக் கொல்லும்" என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் என்று மூன்று தரப்பாரின் கேள்விகளும் இங்கே கலந்திருக்கின்றன. சாறு என்று இதில் வருவதெல்லாம் பிழிந்த சாறு அல்ல. கரைப்பானில் இறங்கி, வற்றவைத்த பின் எஞ்சும் எக்ஸ்ட்ராக்ட்.

மூலிகையில் மருந்தாக வேலை செய்வது எது?

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை இருந்தால் செடி வளர்ந்துவிடும். ஆனால் பூச்சி கடிக்காமலிருக்க, பூஞ்சை பிடிக்காமலிருக்க, வெயிலைத் தாங்க, தேனீயை வரவழைக்க அது வேறு சில சேர்மங்களையும் செய்துகொள்கிறது. ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டெர்பீன், சப்போனின், டானின், கிளைக்கோசைடு என்பவை இந்த வகை. பாடநூல்கள் இவற்றை இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் என்கின்றன. நிலவேம்பின் கசப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு. மிளகின் காரம் பைப்பரின். மஞ்சளின் நிறம் குர்குமின்.

இவற்றில் எதையும் செடி நமக்காகச் செய்யவில்லை. பூச்சியின் நரம்பைக் கலக்குவதற்காக உருவான மூலக்கூறு நம் நரம்பிலும் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான். மருந்தும் நஞ்சும் பெரும்பாலும் ஒரே செடியில், சில நேரம் ஒரே மூலக்கூறில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

எந்தச் செடியை ஆய்வுக்கு எடுப்பது?

பழைய மருத்துவ நூல்களும் வழக்கும் சொல்வதைப் பின்தொடர்வது ஒரு வழி. கண்ணில் படும் செடியையெல்லாம் சலித்துப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டிலும் வெற்றி கிடைத்திருக்கிறது. சீனாவின் தூ யூயூ முதல் வழியில் போனார்; அந்தக் கதை கீழே வருகிறது. பசிபிக் யூ மரம் இரண்டாம் வழியில் கிடைத்தது. புற்றுநோய்க்கு எதிரான சேர்மங்களைத் தேடி அமெரிக்க அரசு செடிகளைச் சலித்துப் பார்த்த பெரிய திட்டத்தில், 1962-இல் சேகரித்த அதன் பட்டையிலிருந்துதான் டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து வந்தது.

நித்தியகல்யாணி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சர்க்கரை நோய்க்கு வழக்கத்தில் இருந்த செடி என்று 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் தொற்று வந்து செத்தன. பார்த்தால் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுவைக் குறைப்பது இரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமே என்று தொடர்ந்து போனதில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து பின்னர் வேறொரு குழு வின்கிரிஸ்டினைப் பிரித்தது. வழக்கு சொன்ன நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை, ஆனால் வழக்கு இல்லாவிட்டால் அந்தச் செடியை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். எலி செத்ததைத் "தோல்வி" என்று எழுதி மூடாமல், ஏன் செத்தது என்று பார்த்தார்களே, அதுதான் ஆய்வு.

புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு என் யோசனை: ஆயிரம் கட்டுரை வந்துவிட்ட செடியை எடுக்காதீர்கள். துளசியின் மெத்தனால் சாற்றில் ஃபீனால் இருக்கிறது என்று இன்னொரு முறை சொல்வதில் யாருக்கும் பயன் இல்லை.

நான் வாங்கியது சரியான செடிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிக முக்கியமானதும் இதுதான்.

ஒரே பெயரில் பல செடிகள் விற்பனைக்கு வருகின்றன. கீழாநெல்லி என்று வாங்கும் கட்டில் அதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று செடிகள் கலந்திருப்பது சாதாரணம். 'பிரமி' என்று கேட்டால் ஓரிடத்தில் நீர்ப்பிரமியும் இன்னோரிடத்தில் வல்லாரையும் கிடைக்கும். இரண்டும் குடும்பத்தாலேயே வேறு, வேதியியலாலும் வேறு. பொடியாக வாங்கினால் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது போதும். உடல் எடை குறைக்கும் சிகிச்சையில் கொடுத்த மூலிகை மாத்திரையில், ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர் சேர வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா வேர் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் சீன வழக்குப் பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியதாயிற்று, பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஆடுதின்னாப்பாளையும் அதே பேரினம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: பூவோ காயோ உள்ள கிளையாகச் சேகரியுங்கள். அதே செடியில் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, தாவரவியலாளரிடம் பெயர் உறுதி செய்து, உலர்செடிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தில் சேர்த்து எண் வாங்குங்கள். இடம், தேதி, பாகம், யார் பறித்தது என எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து உங்கள் முடிவை யாராவது சந்தேகித்தால் எடுத்துக் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். பொடியாகவே வாங்க வேண்டிய நிலை என்றால் நுண்ணோக்கிச் சோதனையும் டி.என்.ஏ. பார்கோடிங்கும் உதவும்.

எப்போது பறிப்பது, எப்படி உலர்த்துவது?

நிழலில், காற்றோட்டத்தில், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும். மணமுள்ள இலைகளுக்கு அதைவிடக் குறைவான வெப்பம் நல்லது, இல்லாவிட்டால் எண்ணெய் காற்றோடு போய்விடும். அரைகுறையாக உலர்ந்த இலையில் நொதிகள் வேலையைத் தொடரும், பூஞ்சையும் பிடிக்கும்.

பருவமும் கணக்கில் உண்டு. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைத் தரும் செடியில் பூக்கும் தறுவாயில் சத்து அதிகம். ஒரே செடியின் இலையும் வேரும் வேறு வேறு சரக்கு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பொடி ரொம்ப நைசாக வேண்டாம். மாவாகிவிட்டால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

எந்தக் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது?

தேடும் சேர்மம் எதில் கரையுமோ அதில். எண்ணெய், மெழுகு, பச்சையம், ஸ்டீராய்டு போன்ற முனைவற்றவை, அதாவது தண்ணீரோடு சேராதவை, ஹெக்சேனில் இறங்கும். நடுத்தரமானவை எத்தில் அசிட்டேட்டில். ஃபிளேவனாய்டு, சர்க்கரை ஒட்டிய கிளைக்கோசைடு, சப்போனின் முதலியவை எத்தனால், மெத்தனால் அல்லது அவற்றோடு தண்ணீர் கலந்த கலவையில். தண்ணீரில் மாவுச்சத்து, உப்பு, புரதம், டானின் எல்லாம் சேர்ந்து வரும். அதை வற்றவைப்பதும் பாடு, இரண்டு நாள் வெளியே வைத்தால் நுரைத்துவிடும்.

எது இருக்கிறது என்றே தெரியாதபோது ஒரே பொடியை ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், தண்ணீர் என்று வரிசையாக ஊறவைத்து நான்கு சாறு எடுப்பார்கள். முதலில் ஹெக்சேன் போட்டால் கொழுப்பும் மெழுகும் போய்விடும், பின்வரும் சாறுகள் சுத்தமாக இருக்கும்.

ஆனால் ஒன்று. மக்கள் தண்ணீரில் காய்ச்சிக் குடித்த மூலிகையை நீங்கள் குளோரோஃபார்மில் எடுத்துச் சோதித்துவிட்டு, "பாரம்பரியப் பயன்பாடு அறிவியல் முறையில் நிரூபணமாயிற்று" என்று எழுத முடியாது. அவர்கள் குடித்தது வேறு, நீங்கள் சோதித்தது வேறு. இந்த வரியை வாரம் ஒரு கட்டுரையிலாவது பார்க்கிறேன்.

கொதிக்கவைப்பதா, ஊறவைப்பதா?

சாக்ஸ்லெட் கருவியைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கிறது. ஆவி பக்கக் குழாய் வழியாக மேலேறிக் குளிர்ந்து, தாள் கூட்டில் இருக்கும் பொடிமேல் சொட்டுகிறது. நிறைந்ததும் சைஃபன் வழியாக மொத்தமும் ஒரே மூச்சில் கீழே இறங்குகிறது. முதல் சுற்றில் அடர்பச்சையாக இறங்குவது, சுற்றுக்குச் சுற்று வெளுத்து, சைஃபன் குழாயில் நிறமே இல்லாமல் போகும்போது வேலை முடிந்தது என்று கொள்ளலாம். 1879-இல் பாலின் கொழுப்பை அளப்பதற்காக ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் செய்த கருவி இது. குறைந்த கரைப்பானில் முழுதாக இறங்கும். குறை என்னவென்றால், இறங்கிய சத்து மணிக்கணக்கில் கீழே கொதித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் தாங்காதது கெட்டுப்போகும்.

தூ யூயூவின் கதை இங்கேதான் பொருந்தும். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவருடைய குழுவுக்கு ஆர்ட்டிமீசியா ஆன்னுவா என்ற செடியின் சாறு ஒரு முறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பு ஒன்றில், அந்த மூலிகையை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம்தான் கெடுக்கிறதோ என்று யோசித்த அவர், 35 டிகிரிக்கும் குறைவிலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறினார். நஞ்சாக இருந்த அமிலப் பகுதியையும் கழுவி நீக்கினார். 1971 அக்டோபரில் கிடைத்த 191-ஆம் எண் மாதிரி எலிகளில் மலேரியாக் கிருமியை முற்றாக ஒழித்தது. அதிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினினுக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. செடியும் நோயும் மாறவில்லை. மாறியது பிரித்தெடுக்கும் முறை மட்டும்தான்.

ஒரு செடியைப் பற்றி எதுவும் தெரியாதபோது குளிர்ந்த முறையில், அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் இடையிடையே குலுக்கி ஊறவைப்பதே பத்திரம். மீயொலிக் குளியலில் வைத்தால் நேரம் குறையும். பெரிய தொழிற்சாலைகள் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன: 31 டிகிரிக்கு மேல், வளிமண்டலத்தைப்போல் சுமார் 73 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அது திரவத்தைப்போலக் கரைக்கும், அழுத்தத்தை எடுத்ததும் ஆவியாகிப் போய்விடும். எச்சமே இருக்காது, ஆனால் கருவி விலை அதிகம்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாமா?

கரைப்பான்களை வைத்துக்கொண்டு வேண்டாம். ஹெக்சேன், ஈதர், எத்தனால் மூன்றின் ஆவியும் எளிதில் தீப்பிடிக்கும். ஈதர் ஆவி தரையோடு தவழ்ந்து தூரத்து அடுப்பில் போய்ப் பற்றும். மெத்தனால் பார்வையைப் பறிக்கும். ஆய்வகத்தில் புகைப்போக்கிப் பெட்டியும், வெற்றிடத்தில் சுழற்றி வற்றவைக்கும் ரோட்டாவேப்பரும் இருப்பது சும்மா அல்ல.

சாறு எவ்வளவு கிடைக்க வேண்டும்?

"வேண்டும்" என்று ஒன்றும் இல்லை. 50 கிராம் பொடியில் 4.2 கிராம் உலர்ந்த சாறு வந்தால் விளைச்சல் 8.4 விழுக்காடு. கூடுதலாக வந்தால் நல்ல சாறு என்று பொருளல்ல; சர்க்கரையும் கோந்தும் சேர்ந்து வந்திருக்கலாம். கரைப்பான் முழுதும் போய்விட்டதா என்பதையும் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும் சாற்றை எடைபோட்டால் பாதி எடை மெத்தனாலுடையதாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் மாறாமல் வரும்வரை உலர்த்திவிட்டு எழுதுங்கள்.

நிறச் சோதனைகளை நம்பலாமா?

ஒரு முதல் பார்வைக்கு நம்பலாம். டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு நிற வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு இருக்கலாம். ஃபெரிக் குளோரைடில் நீலமோ பச்சையோ கறுப்போ வந்தால் ஃபீனால். மெக்னீசியம் துருவலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சிவந்தால் ஃபிளேவனாய்டு. குலுக்கினால் நுரை நின்றால் சப்போனின். எல்லாவற்றிலும் "இருக்கலாம்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஆல்கலாய்டைக் காட்டும் மேயர் கரைசலில் புரதமும் வீழ்படிவாகும். அடர்பச்சைச் சாற்றில் எந்த நிறம் மாறியது என்று சொல்லவே முடியாது.

கூட்டல் குறி, கழித்தல் குறி போட்ட ஓர் அட்டவணையோடு ஆய்வு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. பச்சை இலை எதை எடுத்தாலும் அந்த அட்டவணை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

ஒற்றைச் சேர்மத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் மெல்லடுக்கு நிறப்பிரிகை, அதாவது டி.எல்.சி. சிலிக்கா பூசிய தட்டில், அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு. பேனாவால் போட்டால் மையும் சேர்ந்து ஓடும். அந்தக் கோட்டில் மஞ்சள் சாற்றை நுண்குழாயால் ஒரு புள்ளி வைத்து, 95 பங்கு குளோரோஃபார்மும் 5 பங்கு மெத்தனாலும் ஊற்றிய மூடிய சாடியில் நிறுத்துங்கள். கரைப்பான் தட்டில் ஏற ஏற, ஒற்றை மஞ்சள் புள்ளி மெல்ல மூன்றாகப் பிரியும். மேலே நிற்பது குர்குமின். அதன் கீழே டிமெத்தாக்சி குர்குமின். எல்லாவற்றுக்கும் அடியில் பிஸ்டிமெத்தாக்சி குர்குமின். வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை புறஊதா விளக்கில் தெரியும்: 254 நானோமீட்டரில் பச்சைப் பின்னணியில் கருமையாக, 366-இல் சில தாமே ஒளிர்ந்துகொண்டு. தாவர நிறமிகளை நிறப்பிரிகையில் பிரித்து இந்தத் துறையையே தொடங்கிவைத்தவர் ரஷ்யாவின் மிகாயில் ஸ்வெட், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

தட்டில் எந்தக் கரைப்பான் கலவை நன்றாகப் பிரிக்கிறதோ அதை ஒட்டி, சிலிக்கா நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் சாற்றை ஏற்றிப் பகுதி பகுதியாகப் பிடிப்பார்கள். ஒவ்வொரு பகுதியையும் உயிரியல் சோதனைக்கு அனுப்பி, எது வேலை செய்கிறதோ அதை மட்டும் மேலும் பிரிப்பார்கள். பிரிக்கப் பிரிக்க வீரியம் கூடினால் சரியான திசை. எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து காணாமல் போனால், பல சேர்மங்கள் சேர்ந்து வேலை செய்திருக்கலாம், அல்லது வழியில் ஏதோ சிதைந்திருக்கலாம்.

கடைசியில் எச்.பி.எல்.சி. கருவியில் தூய்மை பார்த்து, நிறை நிறமாலையில் மூலக்கூறு எடையையும் என்.எம்.ஆர். நிறமாலையில் அமைப்பையும் கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலான நேரம் ஏற்கெனவே தெரிந்த சேர்மமாகவே முடியும். ஆகவே நிறை நிறமாலையை முதலிலேயே எடுத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஓர் ஆண்டு உழைத்துக் குவர்செட்டினைக் கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது?

டி.பி.பி.எச். சோதனையில் 90 விழுக்காடு வந்தது. என் சாறு சிறந்த ஆன்டி ஆக்சிடன்டா?

டி.பி.பி.எச். என்ற சேர்மத்தின் ஊதா நிறக் கரைசலில் சாற்றைச் சேர்த்து இருட்டில் அரை மணி வைத்தால் மஞ்சளாகிறது. 517 நானோமீட்டரில் அளக்கிறோம். பார்க்க அழகு, செலவும் குறைவு. அதனாலேயே எல்லாரும் செய்கிறார்கள்.

விழுக்காடு மட்டும் ஒன்றையும் சொல்லாது. எந்தச் செறிவில் 90? போதுமான அளவு ஊற்றினால் எந்த இலைச் சாறும் அந்த ஊதாவை வெளுக்கவைக்கும். பாதி வெளுக்கத் தேவையான செறிவைச் சொல்லுங்கள், அதே நாளில் அதே கரைசலில் வைட்டமின் சி-யின் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அப்போதும் அது சோதனைக்குழாயில் நடந்த ஒரு வேதிவினைதான். டி.பி.பி.எச். உடலில் இருக்கும் பொருளே அல்ல. குடலில் உறிஞ்சப்படாத டானின் இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும்.

கிருமிகளைக் கொல்கிறதா என்று பார்ப்பது எப்படி?

தட்டில் கிருமியைப் பரப்பி, சாறு தோய்த்த வட்டுகளை வைத்து, சுற்றி உண்டாகும் தெளிந்த வளையத்தை அளப்பது பழக்கம். ஆனால் வளையத்தின் அகலம் வீரியத்தை மட்டும் பொறுத்ததல்ல. சேர்மம் தட்டில் உள்ள அகர் கூழில் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எண்ணெய்த் தன்மை உள்ளவை பரவாமல் வட்டிலேயே தங்கிவிடும், வளையம் சிறிதாகத் தெரியும். அதனால் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவை நீர்த்தல் முறையில் கண்டுபிடிப்பதே ஒப்பிட உதவும். முழுச் சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் தடுத்தால் தொடரலாம். 1,000-க்கு மேல் போனால் விட்டுவிடலாம். கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் வைத்த வட்டு, தெரிந்த நுண்ணுயிர்க்கொல்லி வைத்த வட்டு ஆகிய இரண்டும் கட்டாயம்.

"புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது" என்ற செய்தியை எப்படி எடுத்துக்கொள்வது?

சலவைப் பொடியும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். தட்டில் வளரும் செல்லைக் கொல்வது கடினமே அல்ல. மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் செறிவில்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய அளவுகோலின்படி, முழுச் சாறு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்களைத் தடுத்தால்தான் கவனிக்கத்தக்கது. 500 மைக்ரோகிராமில் கொன்றது என்றால், அந்த அளவை ஐந்து லிட்டர் இரத்தத்தில் நிலைநிறுத்த இரண்டரை கிராம் சாறு முழுதாக இரத்தத்தில் இருக்க வேண்டும். வாயால் உண்டு அது நடக்காது. இரண்டாவது கேள்வி: நலமான செல்களையும் அதே செறிவில் கொன்றதா? கொன்றால் அது வெறும் நஞ்சு. மூன்றாவது: உயிருள்ள விலங்கில் பார்த்தார்களா?

சிகிச்சையில் இருப்பவர் இப்படிப்பட்ட செய்தியை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. டாக்சாலும் வின்கிரிஸ்டினும் செடியில் பிறந்தவைதான். அவை தூய்மையாக்கி, அளவு கட்டி, ஊசியில் ஏற்றப்படுகின்றன; இலையை மென்றால் அந்தப் பலன் வராது, யூ இலையை மென்றால் இதயம் நின்றுவிடும்.

இவ்வளவு ஆய்வு நடந்தும் மஞ்சள் ஏன் மருந்தாகவில்லை?

மஞ்சள் பொடியில் குர்குமின் சராசரியாக 3 விழுக்காடு அளவில் இருக்கும். உண்டதில் மிகக் கொஞ்சமே இரத்தத்துக்குப் போகிறது. போனதையும் கல்லீரலும் குடலும் விரைவாக மாற்றி வெளியேற்றுகின்றன. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் சோதனைகளையே ஏமாற்றும் அதன் குணம். குர்குமின் நிறமுள்ளது, ஒளிர்வது, உலோகங்களைப் பிடிப்பது, பல புரதங்களோடு கண்டபடி ஒட்டுவது, நடுநிலைக் கரைசலில் வேகமாகச் சிதைவது. ஒளியை அளக்கும் சோதனையில் தானே ஒளியை விழுங்கினால் "தடுத்துவிட்டது" என்று கருவி காட்டும். இப்படி எதில் போட்டாலும் வேலை செய்வதாகத் தெரியும் சேர்மங்களுக்கு மருந்து வேதியியலாளர்கள் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். குர்குமின் அதில் முன்னணியில் இருக்கிறது.

மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் இரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியதாக 1998-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது உண்மைதான். பைப்பரின் அதைச் செய்வது மருந்துகளை வெளியேற்றும் நொதிகளைத் தடுத்துத்தான். நீங்கள் உண்ணும் மற்ற மாத்திரைகளின் அளவும் அதே காரணத்தால் ஏறும்.

தனிச் சேர்மத்தைவிட முழு மூலிகைதானே நல்லது?

சில நேரம். பல சேர்மங்கள் ஒன்றுக்கொன்று துணைபோவது உண்டு. அதைச் சோதனையில் காட்டவும் முடியும்: தனித்தனியாகவும் சேர்த்தும் அளந்து, கூட்டலைவிடக் கூடுதலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாமல் "முழு மூலிகைக்கு ஈடில்லை" என்பது நம்பிக்கைதான்.

தனிச் சேர்மத்தின் பெரிய பலம் அளவு. அபினியிலிருந்து மார்ஃபினை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்டூர்னர் பிரித்ததும், சின்கோனா பட்டையிலிருந்து குவினைனை 1820-இல் பெல்லெட்டியரும் கேவென்டூவும் பிரித்ததும் மருத்துவத்தை மாற்றியது அதனால்தான். மரத்துக்கு மரம் பட்டையின் வீரியம் மாறும். மில்லிகிராமில் எடைபோட்ட குவினைன் மாறாது.

இயற்கையானது என்றால் பக்கவிளைவு இருக்காதே?

ஃபாக்ஸ்கிளவ் என்ற செடியின் இலையால் நீர்க்கோவையை, அதாவது உடலில் நீர் தேங்கி வீங்குவதைக் குணப்படுத்தலாம் என்று 1785-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் எழுதியபோதே, அளவு தப்பினால் வாந்தி, பார்வைக் கோளாறு, மரணம் என்றும் எழுதினார். அந்த வகைச் செடியிலிருந்து வரும் டிகாக்சினில் காப்பாற்றும் அளவும் கொல்லும் அளவும் மிக நெருக்கம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மனச்சோர்வுக்குப் பெயர்போனது. அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி, உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் மருந்தை இரத்தத்தில் குறைத்துவிட, மாற்று உறுப்பையே உடல் நிராகரித்த நிகழ்வுகள் உண்டு.

எலியில் பலித்தால் மனிதருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

சுண்டெலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தால், அதையே மனிதருக்குப் பெருக்கக் கூடாது. சுண்டெலியின் அளவை 12.3-ஆல் வகுப்பது வழக்கம்: கிலோவுக்குச் சுமார் 32.5 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2 கிராம் சாறு. விளைச்சல் 10 விழுக்காடு என்றால் நாளொன்றுக்கு 20 கிராம் உலர்ந்த மூலிகை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பல "அற்புத" முடிவுகளின் காற்று இறங்கிவிடும். இது தொடக்கக் கணக்கு மட்டும். மனிதரிடம் போகும் முன் நச்சுச் சோதனைகளும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பின்னர் படிப்படியான மருத்துவச் சோதனைகளும் உண்டு.

கண்டுபிடித்த பிறகும் மருந்தாக ஏன் இவ்வளவு காலம்?

டாக்சாலையே பாருங்கள். மன்ரோ வாலும் மன்சுக் வானியும் முதலில் 12 கிலோ பட்டையிலிருந்து அரை கிராம் பெற்றார்கள். அமைப்பு வெளியானது 1971-இல். செல்லின் நுண்குழல்களை இறுக்கிப் பிடித்து அது பிரிவை நிறுத்துகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் காட்டியது 1979-இல். அனுமதி 1992-இல். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், மரமோ மிக மெதுவாக வளர்வது. கடைசியில் ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் ஒரு முன்னோடிச் சேர்மத்தை எடுத்து, மீதியை ஆய்வகத்தில் சேர்த்துக் கட்டும் வழி கண்டார்கள். இலை மறுபடியும் துளிர்க்கும் அல்லவா?

விற்பனைக்குத் தயாரிப்பவர் எதைச் சோதிக்க வேண்டும்?

குறைந்தது நான்கு. செடியின் அடையாளம். ஒரு குறிச்சேர்மத்தின் அளவு, தொகுதிக்குத் தொகுதி மாறாமல். கன உலோகம்: உலகச் சுகாதார நிறுவனம் மூலிகைப் பொருளில் ஈயத்துக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.3 மில்லிகிராம் என வரம்பு சொல்கிறது. கரைப்பான் எச்சம்: மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டியில் மெத்தனால் பத்து லட்சத்தில் 3,000 பங்கு, ஹெக்சேன் 290 பங்கு. இவற்றோடு பூச்சிமருந்து எச்சமும் பூஞ்சை நஞ்சும் நுண்ணுயிர் எண்ணிக்கையும். குறிச்சேர்மம் இருப்பதாலேயே மருந்து வேலை செய்யும் என்று விளம்பரம் செய்யாதீர்கள்; அது அடையாளத்துக்கு வைத்த குறி, பலனுக்கான சான்று அல்ல.

செடி கிடைத்த இடத்து மக்களுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. 2010-இல் ஏற்று 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தம், மரபுவளத்தையும் அதைச் சார்ந்த மரபறிவையும் பயன்படுத்துபவர் முன்கூட்டி ஒப்புதல் பெற்று, பயனைப் பகிர வேண்டும் என்கிறது. செடியைச் சேகரிப்பதற்கு முன்பே அந்தந்த நாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வாங்குங்கள்.

உலர்த்திய சாற்றை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சாற்றைப் பொறுத்தது. பழுப்புநிறக் குப்பியில், ஈரம் புகாமல், மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் பல சாறுகள் மாதக்கணக்கில் தாங்கும். ஈரத்தை உறிஞ்சும் சாறுகளைக் குளிரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்த கரைசலைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைத்தால் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்க வேண்டாம். முதல் நாளே ஒரு டி.எல்.சி. தட்டு ஓட்டிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய சோதனைக்கு முன்பும் ஒரு தட்டு ஓட்டி ஒப்பிடுங்கள். புள்ளிகள் மாறியிருந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு, அதே செடியிலிருந்து புதிதாகச் சாறு எடுக்க வேண்டியதுதான்.